மஹராக வந்த 386

தாராவி, பம்பாய்
20.9.1988

அன்புப் பேரன் இனாயத்துல்லாவுக்கு வாப்பும்மா மதீனா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உன் உம்மாவுக்கு மழை இருமல் இருந்தது, இப்போது இறங்கிவிட்டது. உனக்குச் சோறு நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று எழுதவும்.

முதலில் நம் பிள்ளைகள் சங்கதி. உன் தம்பி ரோஷன் பத்தாம் வகுப்பில் எண்பத்திரண்டு சதவீதம். இந்தத் தெருவில் அத்தனை வாங்கினவன் வேறு யாரும் இல்லை. ஆபிதா சயான் காலேஜில் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சைனப் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டாள். நீ சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கடையில் இருப்பதைத் தெருவில் தினம் ஒருத்தரிடமாவது சொல்லிவிடுகிறேன். உன் வாப்பா மவுத்தான அன்று, "நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு இந்தக் கெழவி என்ன செய்வா" என்று கேட்டவர்கள் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் விழட்டும்.

இப்பவும் முக்கியமான விஷயம். சைனபைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் மாட்டுங்கா லேபர் கேம்ப் முகம்மது ஹனீப். லேமிங்டன் ரோட்டில் சின்னப் பட்டறை வைத்து, கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகத் தன் கையாலேயே பூட்டி விற்கிறான். சீர், செனத்தி எதுவும் கேட்கவில்லை. மஹராக ஐந்து பவுன் தருகிறேன் என்றான். பிறகு அவனே ஒன்று சொன்னான்: "வாப்பும்மா, அஞ்சு பவுன் காசுக்கு புது 386 சிப்பு ஒண்ணு வரும். கம்ப்யூட்டருக்கு மூளை அது. பம்பாயில அதை வச்சிருக்கவன் ரொம்பக் கம்மி. நாளைக்கு விலை கூடும்னு மார்க்கெட்ல பேசிக்கிறாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மச்சான் அந்த வியாபாரத்துலயே இருக்காரு, அவர் எதுங்காரோ அது."

மாப்பிள்ளை கொடுத்தாலும் மஹர் சைனபுடைய சொத்து. நாளை ஒரு கஷ்டம் என்றால் அவள் யாரிடமும் கை நீட்டாமல் நிற்பதற்கு இருப்பது அது ஒன்றுதான். ஆகையால் தங்கமா, இந்தச் சிப்பா என்று நீ யோசித்து எழுது. உன் வார்த்தைப்படி முடிப்பேன்.

துஆவுடன்,
மதீனா பீவி


சிங்கப்பூர்
8.10.1988

மரியாதைக்குரிய வாப்பும்மாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நான் நல்ல சுகம். உங்கள் முட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். சைனபுக்கு வரன் வந்த செய்தி மிகவும் சந்தோஷம். ஹனீபைப் பற்றி விசாரித்தேன், நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: சிப்பே வாங்கலாம். 386 இப்போது எங்கள் கடையில் வருவதற்கு முன்னாலேயே விற்றுப்போகிறது. இந்தியாவில் அதற்கு இன்னும் கிராக்கி. இன்றைக்கு ஐந்து பவுன் என்றால் அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் ஏழு பவுன் பெறும். இதைவிடப் பெரியது இப்போதைக்கு வராது. தங்கம் பெட்டியில் தூங்கும், அவ்வளவுதான்.

வெளியில் அலைய வேண்டாம் என்று ஹனீபிடம் சொல்லுங்கள். எங்கள் கடையிலிருந்தே நல்லதாக ஒன்று எடுத்து, நம் தெரு நயினார் அடுத்த மாதம் ஊர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். ஹனீப் பணத்தை எங்கள் கடைக்கு அனுப்பினால் போதும்.

உம்மாவுக்கும் தங்கைகளுக்கும் ரோஷனுக்கும் என் ஸலாம்.

உங்கள் பேரன்,
இனாயத்துல்லா


தாராவி, பம்பாய்
13.12.1988

பேரன் இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. நீ இல்லாததுதான் குறை. லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

சிப்பை நகைப் பெட்டியில், ரோஸ் காகிதத்தின் மேல் வைத்துத் தாம்பாளத்தில் கொண்டுவந்தார்கள். பிஸ்கட் அளவுதான். அடியில் தங்க முலாம் பூசிய கால்கள். ஆபிதா எண்ணிப் பார்த்தாள், நூற்றி முப்பத்திரண்டு. பெண்கள் கைமாற்றிப் பார்க்க ஆரம்பித்ததும் ஹனீபுக்கு வேர்த்துவிட்டது.

"காலத் தொடாதீங்க, காலத் தொடாதீங்க!" என்று வாசலில் நின்றே கத்தினான்.

"மாப்பிள்ளைக்கு இப்பமே பொண்டாட்டி காலு மேல கண்ணு" என்று ஒருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு.

ஜமாஅத் புத்தகத்தில் எழுதும்போது பள்ளிவாசல் ஹஜ்ரத் பேனாவை நிறுத்திவிட்டார். "விலை மதிப்புள்ள எந்த ஹலாலான பொருளும் மஹராகும். அதுல தடை இல்ல. ஆனா இது விலை நிக்குற பொருளா? பெண் வீட்டார் தெரிஞ்சுதான் ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நான்தான் சத்தமாகச் சொன்னேன்: "என் பேரன் அந்த வியாபாரத்திலயே இருக்கான் ஹஜ்ரத். பெருநாளைக்குள்ள ஏழு பவுன் பெறும்னு கைப்பட எழுதியிருக்கான்." சபை முழுக்கக் கேட்டது. ஹஜ்ரத் எழுதினார். சைனப் சம்மதம் சொன்னாள்.

பெட்டி இப்போது அவள் பீரோவில் இருக்கிறது. நயினார் நீ கொடுத்த தைலத்தையும் தந்தான்.

துஆவுடன்,
மதீனா பீவி


சிங்கப்பூர்
22.1.1989

மரியாதைக்குரிய வாப்பும்மாவுக்கு, ஸலாம். நான் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும். நிக்காஹ் விவரம் படித்து சந்தோஷப்பட்டேன். என் வேலைப் பெர்மிட்டை இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள். சைனபுக்கு ஒரு சேலையும் ஹனீபுக்கு ஒரு கைக்கடிகாரமும் அனுப்பியிருக்கிறேன். இங்கே மழை. கடையில் வேலை அதிகம்.

சைனபுக்கு விருப்பம் இருந்தால் அந்தச் சிப்பை இப்போதே விற்றுத் தங்கமாக மாற்றிக்கொள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லை. மனதில் பட்டது, எழுதினேன்.

உங்கள் பேரன்,
இனாயத்துல்லா


தாராவி, பம்பாய்
11.2.1989

பேரன் இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். சேலையும் கடிகாரமும் வந்தன. சைனபுக்கு நிறம் மிகவும் பிடித்துவிட்டது. பெர்மிட் விஷயம் கேட்டுத் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன்.

நீ சிப்பை விற்கச் சொல்லி எழுதியது எனக்கு விளங்கவில்லை. நிக்காஹ் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மஹரை விற்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏழு பவுன் பெறும் என்று எழுதியவனும் நீதான். பெருநாள் இன்னும் வரவில்லையே. சைனபிடம் வாசித்துக் காட்டினேன். "எங்க காக்கா ஏன் இப்படி எழுதுதாங்க" என்று உன் தங்கையும் கேட்டாள். ஹனீப் பக்கத்தில்தான் இருந்தான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

விலை இறங்குகிறதா? இறங்கினால் இறங்குகிறது என்று எழுது. உடனே பதில் போடவும்.

துஆவுடன்,
மதீனா பீவி


தாராவி, பம்பாய்
14.5.1989

பேரன் இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று மாதமாக உன் கடிதம் இல்லை. பெருநாளைக்குக்கூட இரண்டு வரி இல்லை. உடம்புக்கு ஏதுமோ என்று உன் உம்மா தொழுகைப் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு, நீ அங்கே நன்றாக நடமாடுகிறாய் என்று நயினாரின் தம்பி எழுதியதில் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்பவும் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். லேபர் கேம்பில் தனியாக ஒரு ரூம் வந்தது. டிபாசிட் கட்ட வேண்டும். சைனப் தன் மஹரை விற்பதாகச் சொன்னாள். அது அவள் உரிமை. ஹனீபுக்குச் சம்மதம் இல்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னான், காரணம் சொல்லவில்லை. நானும் அவளும் டாக்ஸி பிடித்து லேமிங்டன் ரோட்டுக்குப் போனோம். மாட்டுங்காக்காரர் வெங்கடராமன் என்று ஒருத்தர் பெரிய கடை வைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"யாரு பாட்டி உங்களுக்கு இதை அஞ்சு பவுனுக்குத் தந்தது? 486னு புதுசு வந்தாச்சு, போன மாசம் பேப்பர்லயே போட்டுட்டான். அது வரதுக்கு முன்னாடியே ஜனவரில இதோட விலை பாதியாப் போச்சு. இது இப்போ போன தீபாவளிப் பட்டாசு. உங்களுக்காக ஒண்ணரை பவுன் காசு தரேன். வேற எவனும் தரமாட்டான்."

சைனப் பெட்டியை மூடி வாங்கிக்கொண்டாள்.

செய்தி எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டது. "கல்லக் குடுத்துப் பொண்ணக் கொண்டு போய்ட்டான்" என்கிறார்கள் ஹனீபை. பள்ளிவாசலில் தொழுகைக்கு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து நிற்கிறானாம். அவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். இரண்டாவது வேலையாகச் செம்பூரில் ஒரு டிவி ரிப்பேர் கடைக்குப் போகிறான். ஐந்து பவுனையும் தங்கமாகவே திரும்ப வாங்கித் தரப்போகிறானாம். "குடுத்த மஹர் குடுத்ததுதான், உம்மேல கடமை இல்ல" என்று ஹஜ்ரத்தே சொன்னார். கேட்கவில்லை.

நீ எனக்கு எழுதிய அன்று இதெல்லாம் உனக்குத் தெரியுமா, தெரியாதா? அது ஒன்றை மட்டும் எழுது.

மதீனா பீவி


சிங்கப்பூர்
2.6.1989

மரியாதைக்குரிய வாப்பும்மாவுக்கு, ஸலாம். வேலை மிகுதியால் எழுதவில்லை, மன்னிக்கவும். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? உம்மா இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறார்களா?

இந்த வியாபாரமே இப்படித்தான். இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஹனீபும் இதே மார்க்கெட்டில் இருப்பவர்தானே.

ஐந்து பவுனுக்கு உண்டான பணத்துக்கு இதோடு டிராஃப்ட் வைத்திருக்கிறேன். சைனபுக்கு நகை வாங்கிப் போட்டுவிடுங்கள். தெரு வாயும் அடங்கிவிடும். இதை நான் அனுப்பியதாக யாருக்கும் சொல்ல வேண்டாம்.

உங்கள் பேரன்,
இனாயத்துல்லா


தாராவி, பம்பாய்
19.6.1989

இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவுக்கு இருமல் இல்லை. எனக்கு முட்டுவலி இருக்கிறது.

டிராஃப்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மஹர் புருஷன் கையிலிருந்து வர வேண்டும். அண்ணன் கொடுத்தால் அதற்குப் பேர் சீர். இது உனக்குத் தெரியாததல்ல.

இதோடு வைத்திருக்கும் காகிதத்தைப் பார். சைனப் சலவைக்குப் போட எடுத்த ஹனீபின் சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடந்தது. இங்கிலீஷில் இருந்ததால் ஆபிதா வாசித்துச் சொன்னாள். சிங்கப்பூர் மொத்த வியாபாரி கடைக்காரர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. ஜனவரி ஒன்றாம் தேதி முதல் 386 விலை பாதி, அடுத்த வருஷம் புதியது வருகிறது, கையில் இருக்கும் சரக்கை இப்போதே தள்ளிவிடுங்கள் என்று போட்டிருக்கிறதாம். விநியோகப் பட்டியலில் உன் கடை பேர் இருக்கிறது. கீழே வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து. அது யார் கையெழுத்து என்று ஆபிதா எனக்குச் சொல்லத் தேவை இல்லாமல் போயிற்று.

நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். தேதி வாசிக்கத் தெரியும். சுற்றறிக்கையில் அக்டோபர் மூன்று. தங்கம் பெட்டியில் தூங்கும் என்று நீ எனக்கு எழுதிய கடிதத்தில் அக்டோபர் எட்டு.

ஹனீபைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்து வந்த ஒருத்தன் ஜனவரியிலேயே அவனிடம் கொடுத்தானாம். ஆறு மாதம் சட்டை மாற்றும்போதெல்லாம் காகிதத்தையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறான்.

"ஏன்ப்பா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல, வாப்பும்மா? மச்சானும் ஒருத்தன்கிட்ட கைகட்டித்தான் வேலை பாக்குறாரு. ஜானே தோ, விட்டுடுங்க. இது வெளிய வந்தா சைனப் அவங்க காக்கா மூஞ்சில எப்படி முழிப்பா?"

தெரு அவனைக் கள்ளன் என்கிறது. அவன் உன் பேரைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தலைகுனிந்து போகிறான். என்னால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சபையில் உன் பேரைச் சொல்லி விலை நிற்கும் என்றவள் நான். அதே சபையில் நானேதான் மாற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் உன் வாயால் கேட்காமல் உன்னைப் பற்றி ஊரில் பேச மாட்டேன்.

மூன்று வரி போதும். உண்மையை எழுது. காத்திருக்கிறேன்.

மதீனா பீவி


சிங்கப்பூர்
30.7.1989

வாப்பும்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் அல்லாஹ் சுகத்தைத் தர வேண்டும்.

பக்ரீதுக்கு முன்னால் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டிலும் கடைசி வரிக்குள் ஏதாவது ஒரு சாக்கு வந்துவிட்டது. போடவில்லை. இதில் சாக்கு இல்லை.

எனக்குத் தெரியும். சுற்றறிக்கையை வாங்கிக் கையெழுத்துப் போட்டது நான். கடை அலமாரியில் முப்பது சிப் இருந்தது. டிசம்பருக்குள் அதைத் தள்ளினால்தான் என் பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். ஒவ்வொன்றாக விற்றேன். ஹனீபுக்குப் போனது பன்னிரண்டாவது.

உங்கள் கடிதத்துக்கு முதலில் நான் எழுதிய பதில் "தங்கம் வாங்குங்கள்" என்பதுதான். உறையில்கூடப் போட்டுவிட்டேன். பிறகு அன்று சாயங்காலம் முதலாளி மீதிச் சரக்கை எண்ணினார். ரூமுக்கு வந்து அந்தப் பதிலைக் கிழித்துவிட்டு, உங்களுக்கு வந்ததை எழுதினேன். ஊரில் நீங்கள் எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்கிறீர்கள். பெர்மிட் போய், பெட்டியோடு தாராவிக்குத் திரும்பி வந்து அந்தத் தெருவில் நடக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஹனீப் நான் சொன்ன விலையை நம்பி வாங்கினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சைனபுடைய மஹரைக் குறைத்தது நான். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம்.

இனாயத்துல்லா


தாராவி, பம்பாய்
20.8.1989

பேரன் இனாயத்துல்லாவுக்கு வாப்பும்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். உனக்கும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உன் கடிதத்தோடு ஜமாஅத் ஆபீசுக்குப் போனேன். உள்ளே பெண்கள் வருவதில்லை என்றார்கள். வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தேன். ஹஜ்ரத் தாம் வாசிப்பதாகக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நானே வாசித்தேன். பெட்டியோடு திரும்பி வரத் தைரியம் இல்லை என்று நீ எழுதிய இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஊரெல்லாம் உன்னைச் சொல்லிச் சொல்லி, நீ திரும்பி வரும் வழியை அடைத்தவள் நான் என்று அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்தேன்.

கல்லைக் கொடுத்தான் என்று முதலில் சொன்ன ஆள் பின்னால் இருந்து, "பேரன் பேரன்னு பெரும பேசுன வாய்தானே இது" என்றான்.

"இதே வாய்தான். அதான் வேற யார்கிட்டயும் குடுக்காம நானே வாசிச்சேன்" என்றேன்.

ஹஜ்ரத் எழுந்து போய் ஹனீபின் கையைப் பிடித்து சபைக்கு நடுவில் உட்கார வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஹனீப் என்னோடு சண்டை. "மச்சான் பேரு போச்சே வாப்பும்மா, இதுக்கா நான் இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்று. ரோஷன்தான் கூடப் படிக்கும் பையன்களிடம் கேலி வாங்கிக்கொண்டு வருகிறான். ஆபிதா உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். உன் உம்மா அழுகிறாள். இதையும் உனக்குச் சொல்ல வேண்டும், மறைப்பதற்கில்லை.

சைனப் அந்தச் சிப்பை விற்கப் போவதில்லை. ஹனீப் பட்டறை மெஷினில் பூட்டிக்கொள்ள அவனுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறாள். மாதா மாதம் ஒன்றாம் தேதி வாடகை அவள் கைக்கு வந்துவிட வேண்டும், தவறினால் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று பேச்சு. அவன் செம்பூர் வேலையை விட்டுவிட்டான். விலைதான் விழுந்தது, வேலை விழவில்லை என்கிறான். எனக்கு அது விளங்கவில்லை, ஆனால் மெஷின் ஓடுகிறது. உனக்குக் கடிதம் எழுதச் சொன்னேன் சைனபை. "இப்ப வேண்டாம் வாப்பும்மா" என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை.

நீ அங்கேயே இருந்தாலும் சரி, பெட்டியோடு வந்தாலும் சரி, கதவு திறந்திருக்கும். தெருவில் உன்னோடு நான் நடந்து வருகிறேன்.

கடைசியாக ஒன்று. கோட்டுப் போட்டுக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நீ எடுத்தனுப்பிய போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான்தான் கழற்றினேன். பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை. ஆனால் அந்த முகம் எனக்கு இப்போது வேண்டாம். உண்மை எழுதிய அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தவன் முகத்தைத்தான் நான் பார்க்க வேண்டும். கோட்டு வேண்டாம், கடை வேண்டாம். வீட்டுச் சட்டையோடு நேராகப் பார்த்து நில். புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு. வழியில் மடங்கிவிடாமல் உறைக்குள் ஒரு அட்டை வைத்து அனுப்பு.

துஆவுடன்,
உன் வாப்பும்மா